கண்ணாடி முன் நிற்கும் மகள்: கேள்வி-பதில்

என் மகள் எடை 58 கிலோ. குறைக்க வேண்டுமா? - ஓமலூர் வாசகி

வயது? உயரம்? இரண்டையும் எழுதாமல் எடையை மட்டும் எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை) கணக்கும் பொருந்தாது.

செல்ஃபியில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. - 10-ஆம் வகுப்பு மாணவி, ஏற்காடு

ஒரு அடி தூரத்தில் எடுத்தால், ஐந்து அடி தள்ளி எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். மூக்கில் குறையில்லை கண்ணு. தோழியைத் தள்ளி நின்று எடுக்கச் சொல்.

15 வயது மகள் ரீல்ஸ் பார்த்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். போனைப் பிடுங்கலாமா? மூன்று மாதமாகத் தீட்டும் வரவில்லை. - அஸ்தம்பட்டி தாய்

கடைசி வரியில் எழுதியதைத்தான் அம்மா முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போன் விஷயம் அப்புறம்.

படங்களின் பாதிப்பு உண்மைதான். ஃபிஜித் தீவில் உடல் பூசினாற்போல் இருப்பதைத்தான் மதித்தார்கள். 1995-இல் ஒரு பகுதிக்கு டிவி வந்தது. மூன்றே ஆண்டில், உணவுக்கோளாறு அறிகுறியுள்ள மாணவிகள் நூற்றுக்கு 13-லிருந்து 29 ஆனார்கள். எடை குறைய வாந்தி எடுப்பவர்கள் முன்பு ஒருவரும் இல்லை. பிறகு பத்தில் ஒருத்தி.

ஆனால் படம் போட்ட விதைக்கு வீட்டுப் பேச்சுதான் தண்ணீர் ஊற்றுகிறது. போன தை மாதம் இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிரே ஒரு பெண். "என்ன சாமி, இப்படி ஊதிட்ட?" என்றார் பரிமாற வந்த அத்தை. பாதி கடித்த ஒப்புட்டை அப்படியே வைத்து இலையை மூடினாள் அந்தப் பிள்ளை. ரசம்கூட வரவில்லை. அத்தை பாசமாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். அவள் எதிரே உங்கள் இடுப்பையும் குறை சொல்லாதீர்கள்.

மெடிக்கல் ஷாப் க்ரீமில் முகம் வெளுத்தது. தொடரலாமா? - சூரமங்கலம்

கூடாது. டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் மெலியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும். டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

சேலம் ஐந்து ரோடு சந்திப்பு பேனரில் இருக்கும் பெண்போல ஆக என்ன சாப்பிட வேண்டும்? - கல்லூரி மாணவி

அந்த இடுப்பு சாப்பாட்டில் வந்ததா, கணினியில் வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. நார்வேயில் 2022 முதல், உடலைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லும் முத்திரை கட்டாயம். நம் பேனர்களில் அது இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுங்கள்.