டவுட், சஸ்பெக்ட், டிஸ்ட்ரஸ்ட்: எதை எங்கே போடுவது?

டிஸ்ட்ரஸ்ட், மிஸ்ட்ரஸ்ட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம், நம்பாமையைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டுக்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பட்டறிந்து நம்பாமல் இருப்பது டிஸ்ட்ரஸ்ட், காரணம் சொல்லத் தெரியாமல் மனம் ஒட்டாதது மிஸ்ட்ரஸ்ட் என்று சிலர் பிரிப்பார்கள். மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

காலை வாருவது டவுட்தான். தமிழில் "அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்" என்றால் எடுத்தான் என்று நினைக்கிறோம். "அவன் வருவது சந்தேகம்தான்" என்றால் வரமாட்டான். ஆங்கிலத்தில் முன்னதற்கு சஸ்பெக்ட், பின்னதற்கு டவுட். கோலாலம்பூர் செகாம்புட்டில் நான் வேலை செய்யும் ஸ்டோரில் ஒரு பெட்டி குறைந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி, "ஐ டவுட் தி டிரைவர் டுக் இட்" என்று மேனேஜருக்கு வாட்சாப் போட்டார். டிரைவரைப் பிடித்து விசாரிக்கச் சொல்கிறாராம். சீன மேனேஜர், ஆங்கிலத்தில் கெட்டி. "ஓகே லா, நாட் ஹிம்" என்று பதில் போட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்!

சஸ்பிஷியஸ் இரண்டு பக்கமும் வெட்டும். "ஐ ஆம் சஸ்பிஷியஸ் ஆஃப் ஹிம்" என்றால் சந்தேகப்படுவது நான். "ஐ லுக் சஸ்பிஷியஸ்" என்றால் திருட்டு முழி எனக்கு.

ஆளைக் குற்றம் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேரி (wary, உஷாராக இருப்பது) நல்ல சொல். பக்கத்து வீட்டு அக்கா கூட்டு (சீட்டு) கட்டக் கூப்பிட்டால், நான் வேரி. (கூட்டு நடத்துவதற்கு 1971-லேயே தடைச் சட்டம் வந்தாயிற்று, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' இருக்கிறது. அப்படியும் நடக்கத்தான் செய்கிறது.) ஸ்கெப்டிகல் பெரும்பாலும் ஒருவர் சொல்லும் விஷயத்தை நம்பாததற்கு: மாதம் பத்து விழுக்காடு லாபம் என்று யாராவது சொன்னால் போடலாம்.

அப்புறம், கோபத்தில் "பிரீச் ஆஃப் டிரஸ்ட்" என்று எழுதிவிடாதீர்கள். அதன் முன்னால் கிரிமினல் சேர்ந்தால், இங்கே மலேசியத் தண்டனைச் சட்டம் 405-ஆவது பிரிவு சொல்லும் குற்றம்; பத்திரிகையில் நம்பிக்கை மோசடி என்று போடுகிறார்களே, அதுதான். ஆபீஸ் கடிதத்தில் அந்த வார்த்தை வர வேண்டுமானால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை "வி ஹேவ் சம் கன்சர்ன்ஸ்" போதும்.