குறைந்த காசில் கேமிங் கணினி: முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறேன். வலரன்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 விளையாட ஒரு கணினி பூட்ட வேண்டும். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் இருக்கின்றன. அப்பா தரும் காசு இரண்டு இலட்சம், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. டவுனில் ஒரு கடையில் எழுதித் தந்தது இது: ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், 16 ஜிபி ராம் ஒரு குச்சி, 256 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி கார்ட், 500 வாட் பவர் சப்ளை, ஆறு கலர் விசிறியோடு கண்ணாடிக் கேசிங். வாங்கலாமா?
- மாணவன், கொக்குவில்

பதில்: தம்பி, இதில் பாதி நல்லது, பாதி மாற்ற வேண்டியது.

நல்லதை முதலில் சொல்கிறேன். ரைசன் 5 5600 என்பது 2022இல் வந்த ஆறு கோர், பன்னிரண்டு திரெட் புரொசெசர். 65 வாட்தான். கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும், தனியாக வாங்கத் தேவையில்லை. நீங்கள் சொன்ன மூன்று விளையாட்டுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் இதற்குள் கிராபிக்ஸ் இல்லை, கார்ட் பூட்டாவிட்டால் திரையில் படமே வராது. பி450 போர்டும் சரிதான். அது 2018இல் வந்த வரிசை என்பதால், நெடுநாள் கடையில் கிடந்த போர்ட் என்றால் பயாஸைப் (போர்டுக்குள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பிக்காமல் 5600ஐ அடையாளம் காணாது. புதுப்பித்துப் பூட்டி, ஓடவிட்டுத் தரும்படி கடையிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பயம் தருவது பெயரே இல்லாமல் ‘500 வாட்’ என்று மட்டும் எழுதிய அந்த வரி. கடைக்குப் போய் அந்தப் பவர் சப்ளையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கும். அண்மையில் நான் பார்த்த ஒன்றில் 18 என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். வெளியே கொட்டை எழுத்தில் 500, உள்ளே உங்களுக்கு உதவுவது 216. தூக்கிப் பார்த்தால் வெறும் பிஸ்கட் டின் மாதிரிப் பாரமே இல்லை. அதே மேசையில் இருந்த நல்ல 550 வாட் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு 40 அம்பியருக்கு மேல் போட்டிருந்தார்கள். வாங்கும்போதே கை தாழ்ந்தது.

மலிவுச் சப்ளை தான் மட்டும் போவதில்லை. போகிற போக்கில் போர்டையும் கார்டையும் கொண்டுபோன கணினிகளைப் பார்த்திருக்கிறேன். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான சான்று மட்டுமே, உள்ளே இருக்கும் சாமானின் தரத்துக்கு அல்ல. கொம்பனி மூன்று, ஐந்து வருட வோரண்டி தருகிறதா என்று கேளுங்கள். தன் சாமானில் நம்பிக்கை உள்ளவன்தான் அப்படித் தருவான்.

அடுத்தது கார்ட். ஆர்எக்ஸ் 580 வந்தது 2017இல். அதிலும் 2048எஸ்பி என்று பின்னால் ஒட்டியிருப்பது முழு 580 அல்ல. முழு 580க்குள் 2304 கோர், இதற்குள் 2048, அதாவது 570 அளவு. பெயர் ஒன்று, சாமான் வேறு. அதை விட்டுவிட்டு ஆர்எக்ஸ் 6600 தேடுங்கள். 8 ஜிபி, 2021இல் வந்தது. 580 இழுப்பது 185 வாட், இது 132 வாட்தான். ஆனாலும் வேகத்தில் பல படி மேலே.

அதற்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் கேசிங்கில் இருக்கிறது. ஆறு கலர் விசிறியால் விளையாட்டின் வேகம் ஒரு பிரேம்கூட ஏறாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் காற்றுப் போக வழியும் இல்லை. சித்திரை வெயிலில் ஓட்டுக்கு, தகரத்துக்குக் கீழே இருக்கும் அறையில் அது அடுப்பு மாதிரிக் கொதிக்கும். முன்னால் கம்பிவலை, இரண்டு சாதாரண விசிறி உள்ள கேசிங் போதும்.

ராம் ஒரு குச்சி வேண்டாம், இரண்டு எட்டு ஜிபியாகப் போடுங்கள். இரண்டு பாதையில் தரவு ஓடும்போது விளையாட்டு தடங்கலின்றிப் போகும். 2025 கடைசி மாதங்களில் இருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் இந்தப் போர்டுக்குரிய டிடிஆர்4 வகை ராமைப் பாவித்ததாக வாங்க நான் தயங்கமாட்டேன். கணினிச் சாமானில் பாவித்து வாங்கப் பயம் குறைந்தது ராம்தான். மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பிழை இல்லாமல் முடிந்தால் சரி. 256 ஜிபி எஸ்எஸ்டியும் காணாது. விண்டோஸையும் ஜிடிஏ 5ஐயும் போட்டதும் நிரம்பத் தொடங்கிவிடும். குறைந்தது 500 எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இலட்சம் தாண்டினால் இன்னொரு வழி உண்டு. 5600க்குப் பதில் 5600ஜி எடுத்து, கார்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். 5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வலரன்ட் நன்றாக ஓடும், சிஎஸ் 2 தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். ஆனால் அதற்கு இரண்டு குச்சி ராம் கட்டாயம், அந்தக் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் மெமரியாகப் பாவிக்கும். எது வெட்டினாலும் பவர் சப்ளையை வெட்டாதீர்கள்.

பூட்டி வந்ததும், கார்ட் போட்டிருந்தால் மொனிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் குத்துங்கள், மதர்போர்டில் அல்ல. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் பயாஸில் ஓன் பண்ணுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல், கணினி சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி: இணைய விளம்பரம் ஒன்றில் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் மிக மலிவாக இருக்கிறது. விற்பவர் வவுனியா. முதலில் காசைப் போடுங்கள், பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?
- சுன்னாகம்

பதில்: பார்க்காமல் காசு போடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கார்ட் ஓடுவதைக் கண்ணால் காணாமல் வாங்குகிற சாமான் அல்ல.

2022 செப்டெம்பர் 15 அன்று ஈதேரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதோடு, கார்ட் வைத்து அந்தக் காசைத் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அப்படியே பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன. தோண்டிய கார்ட் எல்லாமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். சீரான வெப்பத்தில் ஓடியவை இன்றைக்கும் ஓடுகின்றன. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரே போங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விசிறியை விரலால் மெல்லச் சுற்றினால் ஆடக்கூடாது, கரகரக்கக்கூடாது. பின்பக்கத்துத் திருகாணியின் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் எண்ணெய் பூசினது போல் பிசுக்கு வழிந்திருந்தால், உள்ளே இருக்கும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) எண்ணெய் கசியும் அளவுக்கு நெடுநாள் சூட்டில் கிடந்தது என்று அர்த்தம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பாருங்கள். கருகல் மணம் மறையாது.

அப்புறம் விற்பவரின் கணினியிலேயே பூட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். 2010, 2011 காலத்துப் பழைய கார்டுக்கு பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்பவர்கள் உண்டு. விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரை நம்பிவிடும், ஜிபியு-இசட் பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். பிறகு கார்டை முழு வேகத்தில் உழைக்க வைக்கும் ஃபர்மார்க் சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளி புள்ளியாக நிறம் தெறித்தாலோ, கோடு விழுந்தாலோ, கணினி நின்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தர விருப்பமில்லாதவரிடம் வாங்க வேண்டாம். வவுனியாவுக்கு பஸ் காசு போகட்டும், கார்ட் காசு போகக்கூடாது.

கேள்வி: மகனுக்குக் ‘கேமிங் பிசி’ என்று ஐ7 கணினி ஒன்று மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். ஐ7 என்றால் நல்லது என்று சொல்கிறார்கள். அவன் விளையாடுவது வலரன்ட்.
- ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அக்கா, ஐ7க்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். 4770 போல நான்கில் தொடங்கினால் அது நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. நான்கே கோர் உள்ள, 2022இல் வந்த ஐ3 12100 அதை விட வேகம். வேகத்தைக்கூட விடுங்கள், வேறொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழ், மிகச் சில விதிவிலக்கைத் தவிர, எதையும் ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஆனால் ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் வலரன்ட்டின் காவல் மென்பொருள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இல்லாவிட்டால் விளையாட்டே திறக்காது. மகன் வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே அழுவான்.

அலுவலகத்தில் பாவித்துக் கழித்த சின்னப் பெட்டிக் கணினிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பவர் சப்ளை அந்தக் கொம்பனிக்கென்றே செய்த அளவு, கடையில் வாங்கிய வேறொன்று பொருந்தாது. பிறகு நல்ல கார்ட் பூட்ட ஆசைப்பட்டாலும் வழியில்லை. படிப்புக்கு, ஸூம் வகுப்புக்கு அந்தக் கணினி போதும். விளையாட்டுக்கென்று வாங்காதீர்கள்.

கேள்வி: புதிதாகப் பூட்டிய கணினியின் கேசிங்கைத் தொட்டால் விரலில் கிர்ரென்று இருக்கிறது. கடைக்காரர் ஒன்றும் இல்லை என்கிறார். கரண்ட் போய்வருவதால் யூபிஎஸ்ஸும் வாங்க இருக்கிறேன்.
- பருத்தித்துறை

பதில்: கடைக்காரர் சொல்வது பாதி சரி. கணினியில் பழுது இல்லாமலும் இப்படி வரும். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி கொஞ்சம் மின்னை எர்த் கம்பிக்கு விடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த் இல்லையென்றால் அது கேசிங்கில் தங்கிவிடும். விரல் உணர்வது அதைத்தான். ஆனால் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதை அது சொல்கிறது. பழைய கல்வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருப்பது புதிதல்ல. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் குத்தியிருந்தாலும் இதுதான் நடக்கும். அடாப்டர் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை வெறுங்காலோடு தொட வேண்டாம்.

யூபிஎஸ் வாங்குங்கள், ஆனால் கரண்ட் போனபிறகும் விளையாடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். 650 விஏ என்றால் தாங்குவது ஏறத்தாழ 360 முதல் 390 வாட். சேமித்து, ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடம் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாமல் சுவரில் இருந்தே பிளக்கைக் கழற்றுங்கள். செப்புக் கம்பியில் இணையம் வரும் வீடு என்றால் அந்த வயரையும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து மாமா வருகிறார். என்ன கொண்டுவரச் சொல்லலாம்?
- திருநெல்வேலி

பதில்: சின்னதும் விலை கூடியதும்: ராம், எஸ்எஸ்டி, புரொசெசர், வேண்டுமானால் கார்ட். கார்டுக்கு 110, 230 என்ற வேறுபாடு இல்லை, அதற்கு மின்சாரம் கொடுப்பது பவர் சப்ளை. சூட்கேஸில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் சப்ளை, கேசிங், மொனிட்டர் இங்கேயே வாங்குங்கள், பழுதானால் இங்கேதான் மாற்ற வேண்டும். மாமாவுக்கு ‘16 ஜிபி ராம்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். என் மச்சான் அப்படித்தான் டிடிஆர்5 வாங்கிவந்தான். என் போர்ட் டிடிஆர்4, வெட்டு இடம் மாறி உள்ளே இறங்கவே இல்லை. போர்டின் பெயரைப் படம் எடுத்து, டிடிஆர்4, டெஸ்க்டொப், இரண்டு எட்டு ஜிபி என்று முழுக்க எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு வருட வோரண்டி என்றார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்க, முடிந்துவிட்டது என்று போர்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.
- மானிப்பாய்

பதில்: பில்லின் கீழே சின்ன எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டுக் கணினிக் கடைகள் பலவற்றில் ஒரு வருடம் என்பது 350 நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். கருகிய அடையாளம், துரு இருந்தாலும் வோரண்டி இல்லை என்றும் இருக்கும். அப்படி அச்சிட்டிருந்தால் 351ஆம் நாள் உங்கள் கையில் வலு குறைவு. அப்படி ஒரு வரி பில்லில் இல்லையென்றால் விடாதீர்கள். வாய்ப்பேச்சோடு நிற்காமல் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போங்கள். தொலைபேசி 1977. பில்லின் பிரதியை வையுங்கள். விற்பனை பற்றிய முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதால், உங்களுடையதை அவர்கள் ஏற்பார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு சாமானின் சீரியல் இலக்கத்தையும் பில்லில் எழுதுவித்து, கடையை விட்டு இறங்குமுன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பில்களின் மை வெயில் சூட்டில் ஆறு மாதத்தில் மங்கிவிடும்.