குடத்தின் மூக்கு

வணக்கம் சார்,

தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்காக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு பூரணகும்பம் வரைந்துகொண்டிருக்கிறேன். பாதிக் குடம் வரைந்து, நகலெடுத்து, புரட்டிப் பக்கத்தில் ஒட்டினேன். குடத்தின் அடியில் சின்னதாக ஒரு மூக்கு வந்துவிடுகிறது. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வேறு. 'சிமெட்ரிக்' பொத்தானை எல்லா நோடிலும் (கோட்டைத் தாங்கும் புள்ளிகள்) அழுத்திப் பார்த்தேன், வயிறு இன்னும் கோணலானதுதான் மிச்சம். பாதிக் குடத்திலேயே 23 நோட் இருக்கிறது, அது தப்பா? கோப்பை இணைத்திருக்கிறேன்.

கு.

அன்புள்ள கு.,

கோப்பைத் திறந்து அடி நோடைத்தான் முதலில் சொடுக்கினேன். அதன் ஹேண்டில், அதாவது வளைவைத் திருப்பப் பிடித்து இழுக்கும் சின்னக் கைப்பிடி, படுக்காமல், ஒரு பத்து டிகிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூக்கு வந்தது அதனால்தான்.

என் சித்தி பிளவுஸ் தைப்பவர். துணியை நெடுக்காக இரண்டாக மடித்து, பாதிக் கழுத்தைத்தான் சாக்கால் வரைவார். மடிப்பை ஒட்டிய அரை இஞ்சுக்கு மட்டும் கோட்டை மடிப்புக்குக் குறுக்கே நேராக இழுப்பார், அதற்கப்புறம்தான் வளைப்பார். அந்த அரை இஞ்சு சாய்ந்துவிட்டால், துணியை விரிக்கும்போது ரவுண்ட் நெக் கேட்ட அக்காவுக்கு வி நெக் கிடைக்கும். உங்கள் குடத்துக்கு நடந்ததும் இதுவே. வளைவு ஒரு நோடை விட்டுக் கிளம்பும்போது ஹேண்டில் காட்டும் திசையில்தான் கிளம்பும். வலப்பாதி பத்து டிகிரி ஏறினால் இடப்பாதியும் பத்து டிகிரி ஏறும், நடுவில் எலுமிச்சம்பழத்து மூக்கு நிற்கும். ஹேண்டில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மூக்குக்குப் பதில் குழி விழுந்திருக்கும்.

அதனால் மையக்கோட்டைத் தொடும் நோடின் ஹேண்டில் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுங்கள், 15 டிகிரிக்கு ஒருமுறை பிடித்து நிற்கும், படுக்கைக்கோடு தானாகக் கிடைக்கும். (இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் என்றால் ஷிஃப்ட் விசை.) இதைச் செய்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. இரண்டு பக்கமும் வளைவின் அளவும் ஒன்றாகவே இருக்கும், ஒட்டிய இடத்தைத் தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது.

சிமெட்ரிக் பொத்தானின் பெயர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அது உருவத்தை இடம் வலம் சமமாக்காது. அந்த ஒரு நோடின் இரண்டு ஹேண்டிலையும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே நீளத்தில் வைக்கும், அவ்வளவுதான். குடத்தின் வயிற்றில் மேல் ஹேண்டிலும் கீழ் ஹேண்டிலும் ஒரே நீளம் இருந்தால் தோளும் அடியும் ஒன்றோடொன்று சண்டை போடும். அங்கே வேண்டியது 'ஸ்மூத்': நேர்க்கோடு மட்டும் ஒன்று, நீளம் உங்கள் இஷ்டம்.

23 நோட் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, வீண். பாதிக் குடத்துக்கு ஐந்து போதும்: வாயின் நடு, வாய் விளிம்பு, கழுத்தின் ஒடுங்கிய இடம், வயிற்றின் அகன்ற இடம், அடி. கழுத்திலும் வயிற்றிலும் ஹேண்டில்கள் மேலும் கீழுமாக நேராக, அடியில் படுக்கையாக. நான் வரைந்து பார்த்த அளவுகளைச் சொல்கிறேன். மையக்கோட்டிலிருந்து வயிறு 100 அலகு தள்ளி, வயிற்றிலிருந்து அடி 90 அலகு கீழே. அடி ஹேண்டில் 55, வயிற்றின் கீழ் ஹேண்டில் 50 என்று வைத்தால் அச்சு அசலாக நீள்வட்டத்தின் கால்பாகம் போல வரும். வட்டத்தை நான்கு நோடில் வரையும்போது ஹேண்டில் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு. இந்த வகை வளைவால் சுத்தமான வட்டம் போடவே முடியாது, ஆனால் அந்த எண்ணில் பிழை ஆரத்தில் 0.03 சதவீதத்தைக்கூடத் தொடாது. குடம் நீள்வட்டம் இல்லையே! அடி ஹேண்டிலை 65 வரை இழுங்கள், தரையில் வைத்த குடம் மாதிரி அடி தட்டையாகும். வயிற்றின் மேல் ஹேண்டிலை நீட்டினால் தோள் ஏறும், கும்பகோணத்துப் பித்தளைக் கடையில் பார்க்கும் குடத்தின் கம்பீரம் அந்த ஒரு ஹேண்டிலில் இருக்கிறது. அரை மணிநேரம் அதோடு விளையாடுங்கள், வீண்போகாது.

இந்த ஹேண்டில் விவகாரமே கார் கம்பெனிகளில் பிறந்தது. சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ 1959-லேயே கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார், கம்பெனி அதை வெளியே விடவில்லை. ரெனோவின் பியர் பெசியே 1960-களில் தன் வேலையை வெளியிட்டார், பெயர் அவருக்குப் போய்விட்டது. இந்த வளைவைப் பெசியர் வளைவு என்று நாம் சொல்வது அவர் பெயரால்தான்.

வெள்ளைக் கோட்டுக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பாதியையும் குரூப் மட்டும் செய்திருக்கிறீர்கள். திரையின் ஒரு புள்ளியில் இடப்பாதி பாதி இடத்தையும் வலப்பாதி மீதியையும் அடைத்தால் முழுதாக நிறையவேண்டும், ஆனால் மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக 50 சதவீதம் பூசுகிறது. மிஞ்சிய பாதியில் பாதி, அதாவது 25 சதவீதம், பின்னணி எட்டிப்பார்க்கிறது. குரூப்பைக் கலைத்து, இரண்டையும் தேர்ந்து கன்ட்ரோல் கே அழுத்தி ஒரே உருவமாக்குங்கள், அப்புறம் நோட் கருவியில் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு முனைகளையும் சுற்றிக் கட்டம் இழுத்துத் தேர்ந்து, ஷிஃப்ட் ஜே அழுத்தி ஒட்டுங்கள். மேலே ஒருமுறை, அடியில் ஒருமுறை. புரட்டுவதும் ஒட்டுவதும் அலுப்பாக இருந்தால் பாத் எஃபெக்ட்டில் 'மிரர் சிமெட்ரி' இருக்கிறது, பாதியை இழுக்க இழுக்க மறுபாதி கூடவே வரும். ஆனால் ஹேண்டில் சாய்ந்திருந்தால் அதிலும் மூக்குதான்.

தேங்காய்க்கு இந்தப் பயமே வேண்டாம். அதன் உச்சி கூராகத்தான் இருக்கவேண்டும், அங்கே ஹேண்டிலைத் தைரியமாகச் சாயுங்கள். குடுமியைப் புரட்டி ஒட்டாதீர்கள், கையால் நாலு கீற்று இழுங்கள். மாவிலைகளையும் அப்படியே. இடது பக்க இலை வலது பக்க இலையின் கண்ணாடி நகலாக நின்றால் பிளாஸ்டிக் தோரணம் மாதிரி இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை. ஐந்து இலையில் நடு இலையை மட்டும் மையக்கோட்டில் நிறுத்தி, மற்ற நான்கையும் கொஞ்சம் முன்னே பின்னே சாய்த்துவிடுங்கள்.

அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அதற்கு முன் எழுத்துகளை பாத் ஆக, அதாவது வெறும் வரைகோடாக, மாற்றிவிடுங்கள். அவர்கள் அதைத் தங்கள் மென்பொருளில் திறந்து திருத்தும்போது உங்கள் எழுத்துரு அங்கே இல்லையென்றால், குடம் நன்றாக வந்து, தங்கை பெயர் கட்டம் கட்டமாக வந்து நிற்கலாம்.