பதில்: ஹெபடைடிஸ் பி இருக்கும்போது பூசணம் பிடித்த கடலை

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருக்கிறது, மூட்டையில் பூசணம் பிடித்த நிலக்கடலையை வறுத்துச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, தயவுசெய்து கொட்டிவிடுங்கள். அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாக அழியாது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, சிறுநீரிலேயே அந்த நஞ்சின் தடயத்தைத் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. 1994-ல் வந்த அதன் முடிவுப்படி, அந்த நஞ்சும் ஹெபடைடிஸ் பி வைரஸும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், கல்லீரல் புற்றுநோய் ஆபத்து நஞ்சு மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கோ ஏறத்தாழ 60 மடங்கு! கடலையையே விட வேண்டியதில்லை, நல்லதாக வாங்கி, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அப்புறம், 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.