எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

அன்புள்ள ஐயா,

வானியல் குறித்து வாரம் ஒரு செய்திமடல் அனுப்பி வருகிறேன். ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸப் குழுக்கள், நண்பர்களின் மடல்கள் என்று எல்லா இடங்களிலும் சந்தாச் சுட்டியைப் போடுகிறேன். ஆட்கள் மெல்லச் சேருகிறார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால் பாதிக்கு மேல் ‘நேரடி’ என்கிறது. இத்தனை பேர் என் தள முகவரியை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்கிறார்களா? எனக்கு மாலை நேரம் மட்டுமே கிடைக்கிறது. பயனில்லாத ஓரிடத்தை விட்டுவிட நினைக்கிறேன். எதை விடலாம்?

ம.

அன்புள்ள ம.,

இல்லை, யாரும் மனப்பாடம் செய்யவில்லை. ‘நேரடி’ என்ற அந்தத் தலைப்புக்கு ‘தெரியவில்லை’ என்று பெயர் வைத்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். ஒருவர் சுட்டியை அழுத்தும்போது, ‘இன்ன இடத்திலிருந்து வருகிறேன்’ என்ற குறிப்பை உலாவி உங்கள் தளத்திடம் கொடுக்கிறது. அதற்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். (1990களில் விதிமுறையை எழுதியவர்கள் அந்தச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். பிழை இன்றுவரை திருத்தப்படவில்லை.) வாட்ஸப்பிலிருந்தோ மின்னஞ்சல் செயலியிலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வருபவர்களிடம் பெரும்பாலும் இந்தக் குறிப்பு இருக்காது. குறிப்பில்லாமல் வந்தவர்கள் எல்லாரும் ‘நேரடி’க் கணக்கில் விழுகிறார்கள். 2012இல் அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற பத்திரிகையாளர் இந்தப் போக்குவரத்துக்கு ‘டார்க் சோஷியல்’ (கண்ணுக்குத் தெரியாத பகிர்வு) என்று பெயர் வைத்தார். உங்களுடைய அந்தப் பாதியில் வாட்ஸப்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதற்கு மருந்து பழையது. தபால் வழி வணிகம் செய்தவர்கள் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் முகவரியோடு ‘பிரிவு 4’ என்றும், இன்னொன்றில் ‘பிரிவு 7’ என்றும் அச்சிடுவார்கள். அலுவலகத்தில் அப்படி எந்தப் பிரிவும் இருக்காது. உறையைப் பார்த்த உடனே எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். இன்று சுட்டியின் வாலில் ஒட்டும் ‘யூடிஎம்’ அடையாளங்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன. அதில் உள்ள ‘யூ’, அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கிறது. கூகுள் 2005இல் அதை வாங்கித்தான் அனலிட்டிக்ஸைத் தொடங்கியது. சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் ஆகிய மூன்றை நிரப்பினால் போதும்: எந்த இடம், எந்த வகை, எந்த முயற்சி. வீடியோவில் வாயால் சொல்ல இவ்வளவு நீளமான சுட்டி உதவாது. உங்கள் தளத்திலேயே ஒரு குட்டி முகவரியை வைத்து, அங்கிருந்து அடையாளமுள்ள சுட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

எழுத்துகளில் கவனம் தேவை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஓரிடம், சிறிய எழுத்தில் தொடங்கினால் வேறிடம் என்றே கணக்கில் ஏறும். ஒரு வருடம் முழுக்க வாட்ஸப்பை மூன்று விதமாக எழுதிவிட்டு, பிறகு ஒரு பிற்பகலை அவற்றைக் கூட்டுவதிலேயே கழித்தவன் நான். அதைவிடப் பெரிய முட்டாள்தனமும் செய்திருக்கிறேன். என் தளத்தின் முகப்பிலிருந்து படிவத்துக்குப் போகும் சுட்டியிலும் அடையாளம் ஒட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் என் வீட்டுக்குள்ளிருந்தே வந்ததாகப் பதிவானார்கள். உள்சுட்டிகளில் ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது வருகையை எண்ணுவதற்கு மட்டுமே. உங்களுக்குத் தேவை சந்தாதாரர் கணக்கு. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைச் சேர்த்து, சுட்டியின் அடையாளம் அதில் பதியும்படி செய்யுங்கள். அப்போது பட்டியலில் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பக்கத்தில் அவர் வந்த வழி நிற்கும். வழி என்ன என்பது போதும், இன்னார் அனுப்பி இன்னார் வந்தார் என்று வேவு பார்க்க வேண்டாம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அழுத்தியவர்களை மட்டும் எண்ணுங்கள். இல்லையென்றால் தானியங்கி நிரல்கள் நிரப்பும் போலிப் பதிவுகளும் கூடிவிடும்.

அப்படியும் ஓட்டைகள் இருக்கும். யூடியூபிலிருந்து வந்தவர் மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சேர்கிறார் என்றால், அடையாளத்தை உலாவி அதுவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். இப்படி உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகளுக்குக் குக்கீ என்று பெயர். இணையப் பக்கத்தில் ஓடும் நிரல் எழுதிவைக்கும் குக்கீகளை, 2019 முதல் ஆப்பிளின் சஃபாரி உலாவி ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. கைபேசியில் பார்த்துவிட்டு வீட்டுக் கணினியில் சேர்பவரை எந்தக் குக்கீயும் பிடிக்காது.

ஆகவே கேட்டுவிடுங்கள். சந்தா உறுதியானதும் காட்டும் நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘இந்த மடலைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ தேர்ந்தெடுக்கும் பட்டியல் வேண்டாம், முதலில் இருப்பதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். வெறும் கட்டம் போதும். ‘மகள் அனுப்பினாள்’, ‘கிரகணத்தைப் பற்றிய வீடியோ’ என்றெல்லாம் வரும். பலர் பதில் தர மாட்டார்கள், பரவாயில்லை. கருவி ‘கூகுள் தேடல்’ என்று சொல்லும் அதே ஆள் ‘வீடியோ’ என்று எழுதுவார். இரண்டும் உண்மைதான். வீடியோ பார்த்துப் பெயரை நினைவில் வைத்துத் தேடி வந்திருக்கிறார். கருவி கடைசி வாசலை மட்டும் பார்த்தது. கருவி சொன்னதையும் ஆள் எழுதியதையும் அருகருகே வைத்துப் படிப்பதில் எனக்குக் கிடைத்த தெளிவு எந்த வரைபடத்திலும் கிடைத்ததில்லை.

எதை விடுவது என்று கேட்டீர்கள். இப்போது எதையும் விடாதீர்கள். ஒரு வழியில் நான்கு பேர், இன்னொன்றில் ஏழு பேர் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடுத்த மாதம் அது தலைகீழாகும். மூன்று மாதம் சேருங்கள். பிறகு வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று வழிவாரியாகப் பாருங்கள். பரிசுப் போட்டி வைத்துச் சேர்க்கும் கூட்டம் இந்த இடத்தில்தான் கரையும். மடல் திறக்கப்பட்ட எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறக்காத மடலும் திறந்ததாகத் தெரியும். உள்ளே சுட்டிகளை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், விலகாதவர்கள் ஆகியோரை எண்ணுங்கள். ஒவ்வொரு வழிக்கும் அந்த எண்ணிக்கையை, நீங்கள் அங்கே செலவிட்ட மாலைகளால் வகுத்துப் பார்த்தால், விட வேண்டியது எது என்று தாளிலேயே தெரியும்.

வேலையைப் பழைய வீடியோக்களின் விளக்கக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் அடையாளமில்லாத சுட்டிகள் கிடக்கின்றன, அவை இன்றும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.