ஈரக்காற்று ஊரில் நிறைய ஸ்னீக்கர்களைப் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது?

நாகப்பட்டினத்தில் இருக்கிறேன், அறுபது எழுபது ஜோடி சேர்ந்துவிட்டது, ஐப்பசி வந்தால் பூஞ்சை, ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்கினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ரங்கூனில் இருக்கிறேன். யாங்கோன் என்று பெயர் மாறி வருஷக்கணக்காகிறது, எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். என்னிடம் 83 ஜோடி. ஊரே கைலியும் செருப்புமாக நடக்கிற இடத்தில் இது கொஞ்சம் கோணல் பழக்கம்தான், "கால்ல போடறதுக்கா கும்பிடறதுக்கா"ன்னு அம்மா கேட்காத வாரம் இல்லை. மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது, வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர், எங்கள் கட்டடத்தின் வெளிச்சுவர் ஆடி மாதத்தில் பச்சையாகவே இருக்கும்.

மிஷின் நல்லதுதான், கரன்ட் நிலையாக இருந்தால் வாங்குங்கள். இங்கே சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது என்ற கணக்கு வந்த பிறகு அது வெறும் பெட்டி. அது அறையைக் காயவைத்து முடிக்கும்போது கரன்ட் போகும், மறுபடி வருவதற்குள் அறை பழையபடி ஈரமாகிவிடும். கரன்ட் வந்ததும் தெருவே "மீ லாப்யீ" (கரன்ட் வந்தாச்சு) என்று கத்தும், அதைக் கேட்டு நான் ஓடுவது தண்ணீர் மோட்டாருக்கு, ஷூவுக்கு இல்லை. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் மிஷின் இல்லாத வழி.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். 2021 ஜூனில் நல்ல மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளாக வாங்கி, ஒவ்வொரு ஜோடியோடும் புது ஷூவுடன் வருகிற அந்தக் குட்டி சிலிகா பொட்டலம் இரண்டைப் போட்டு, இறுக்கி மூடி, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டேன். செப்டம்பரில் திறந்தால், அலமாரியில் சும்மா கிடந்த ஜோடிகளைவிடப் பெட்டியில் இருந்தவைதான் மோசம். நீல ஸ்வேட் (மெத்தென்ற சொரசொரப்புத் தோல்) ஜோடி ஒன்று, நாக்கிலும் குதிகாலிலும், இங்கே முகத்தில் பூசுகிற தனாக்கா சாந்தைப் பூசினமாதிரி வெள்ளை. மூக்குக்கிட்டே கொண்டு போனால் நனைந்த சாக்கு வாசம்.

சாக்கு என்றதும்தான் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு உளுந்து வியாபாரம், இங்கேயிருந்து இந்தியாவுக்குப் போகிற உளுந்து. அவர் குடோனில் அந்த ஷூவைக் காட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. "ஈர உளுந்தை மூட்டை கட்டித் தைச்சா மழை வெளிய பெய்யாதுடா, மூட்டைக்குள்ள பெய்யும்" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை நாள் படித்த அத்தனை குறிப்புகளும் வெளிக்காற்றை உள்ளே விடாதே என்பதைப் பற்றியே இருந்தன, ஷூவுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது என்று ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். இருபது லிட்டர் பெட்டி என்றால் அதிலுள்ள மொத்தக் காற்றிலும் முக்கால் கிராம்கூடத் தேறாது. ஆனால் ஒரு தோல் ஜோடியைச் சமையலறைத் தராசில் செப்டம்பரிலும், காயவைத்த பிறகு ஜனவரியிலும் எடை போட்டேன், 31 கிராம் வித்தியாசம். அத்தனையும் தோலிலும் பஞ்சிலும் துணியிலும் இருந்த தண்ணீர். மூடின பெட்டிக்குள் அது மெதுவாக வெளியே வந்து, போக இடமில்லாமல், பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறது. சிலிகா ஜெல் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் பிடிக்கும், அப்படியானால் 31 கிராமை எடுக்க 100 கிராமுக்கு மேல் வேண்டும். இரண்டு குட்டிப் பொட்டலம் என்ன செய்யும் பாவம்.

ஆக, காயவைத்துவிட்டு மூடுங்கள். எனக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அந்த வாய்ப்பு. கயிறைக் கழற்றி, உள் சோலை உருவி, நாக்கை வெளியே இழுத்து விட்டு, நிழலில் காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள். வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும், கண்ணாடி மாதிரி இருக்கிற சோல் மஞ்சளாகும். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். (பெரியப்பா உளுந்தைக் கடித்துப் பார்ப்பார், டக்கென்று உடைய வேண்டும். ஷூவுக்குத் தராசு போதும்.) இங்கே திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நமக்குச் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வரும், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் மூடிவிடுவேன்.

பெட்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள். முன்பக்கம் திறக்கிற, அடுக்கி வைத்தால் கடை மாதிரி தெரிகிற கண்ணாடிப் பெட்டிகளில் பெரும்பாலும் காற்றுத் துளை இருக்கும், அவை அழகுக்கு. அரிசி போட்டு வைக்கிற, மூடியில் ரப்பர் வளையமும் பக்கத்தில் கிளிப்பும் உள்ள டப்பா வாங்குங்கள், ஒன்றில் இரண்டு ஜோடி போகும். ஷூவோடு வந்த அட்டைப்பெட்டி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், கரையானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடியே வரும். நான் அதைத் தட்டையாக மடித்துத் தனியாக வைக்கிறேன், சேகரிப்பாளர்கள் திட்டட்டும். டப்பாவைத் தரையில் வைக்காமல் பலகை மேல், வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. இதுவும் குடோன் விதிதான். எங்கள் வீடு பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், அதில் ஒரு முழம் விடுவது பெரிய தியாகம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சிலிகாவில் ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள், ஈரம் குடித்தால் கரும்பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வீட்டுக்கு வேண்டாம். திரும்பக் காயவைக்க 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் போதும். எனக்கு அவனும் இல்லை கரன்டும் இல்லை, வாணலியில் சிறுதீயில் வறுக்கிறேன், அம்மா உளுத்தம்பருப்பு வறுக்கிற அதே பக்குவம், ஆனால் அதே வாணலி இல்லை. தீ கூடினால் மணி கருகி வீணாகும்.

ஒவ்வொரு டப்பாவிலும் குட்டி ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் மீட்டர்) வைக்க வேண்டியதில்லை, நான்கைந்து வாங்கிச் சுற்றி மாற்றி வையுங்கள். மலிவானவை பொய் சொல்லும், அதனால் முதலில் ஒரு சோதனை. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுமாதிரி ஆக்கி, மீட்டரோடு ஒரு ஜிப் பைக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் அந்த மீட்டர் ஆறு கூட்டிச் சொல்கிறது, மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். டப்பாவுக்குள் 45 முதல் 55 வரை இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கதவு திறந்தமாதிரி, 30-க்குக் கீழே போனால் தோல் வெடிக்கும்.

கடையில் விற்கிற, ஈரத்தைக் குடித்துத் தண்ணீராகச் சேர்க்கிற டப்பாக்களை ஷூவோடு வைக்கவே வைக்காதீர்கள். அது கால்சியம் குளோரைடு, சேருவது உப்புக் கரைசல். எனக்கு ஒன்று சாய்ந்து, ஒரு வெள்ளைத் தோல் ஜோடியின் முன்பக்கம் அப்பளம் மாதிரி விறைத்துப் போனது. பூச்சி உருண்டையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததை மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனியில் வைத்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஸ்வேட் என்றால் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு. உள் சோலைத் தூக்கிப் போடுங்கள், புதிது மலிவு.

இனி மனசுக்குக் கஷ்டமான பகுதி. இதெல்லாம் செய்தாலும் சில ஷூக்கள் சாகத்தான் செய்யும். நைக்கியின் ஜோர்டன் 3, 4 மாதிரி மாடல்களின் நடு சோல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. அதில் எஸ்டர் வகையைக் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும், அறுக்கும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மிச்சத்தை இன்னும் வேகமாக அறுக்கும். காய்ந்த இடத்தில் வைத்தால் தள்ளிப்போகும், நிற்காது. பத்துப் பதினைந்து வருஷம், சூடான ஊரில் அதற்கும் முன்னாலேயே. 2023-ல் சித்தப்பா பெண் கல்யாணத்துக்குக் கோயிலுக்கு ஒரு பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போனேன், பதினோரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்தது, மொத்தமாக நாலு தடவை போட்டிருப்பேன். வாசலில் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து மாட்டி இரண்டு படி இறங்கினேன், டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி குதிகால் உதிர்ந்தது. படியெல்லாம் கறுப்புத் துகள். பந்தியில் மிஞ்சிய வாழை நாரை வாங்கிச் சோலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதனால் பாலியூரித்தேன் ஜோடிகளைத் தனியாகப் பிரித்து, மாதம் ஒருமுறையாவது போட்டு நடந்துவிடுங்கள், அல்லது ஏழெட்டு வருஷத்துக்குள் விற்றுவிடுங்கள். உதிரத் தொடங்கியதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஈவிஏ என்கிற இன்னொரு வகை நுரைக்கும் சாதாரண ரப்பர் சோலுக்கும் இந்த வியாதி இல்லை, அவை இறுகும், அமுங்கும், மஞ்சளாகும், ஆனால் நடுத்தெருவில் காலை வாராது. புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் இப்போது முதலில் கேட்பது நடு சோல் எதனால் ஆனது என்பதைத்தான், நிறத்தைப் பிறகுதான் பார்க்கிறேன்.

உங்கள் ஊருக்கு என் டிசம்பர் கணக்கு ஆகாது, அப்போதுதான் உங்களுக்கு மழை. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வறண்டு அடிக்குமே, அதுதான் உங்கள் ஜனவரி. காலையில் காயப்போட்டு, கடல் காற்று திரும்புவதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் அப்படிச் செய்து கடைசி நாள் மதியத்துக்குள் டப்பாவை மூடுங்கள். அறுபதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம், முதலில் பத்து ஜோடி செய்து கார்த்திகையில் திறந்து பாருங்கள்.