கண்ணாடி ஒருபோதும் உடையாவிட்டாலும் அதை 'உடையக்கூடியது' என்பது எப்படி?

"தட்டினால் உடையும்" என்ற நிபந்தனை உண்மையாக இருப்பதே அந்தப் பண்பு என்பது பழைய விடை. அது போதாது. மெய்யியலாளர் சி. பி. மார்ட்டின் 1994இல் எழுப்பிய தடையைப் பாருங்கள்: மின் இணைப்பு இல்லாத கம்பி ஒன்று. கடத்தி தொட்டதும் அதை மின்சாரத்துடன் இணைத்துவிடும் கருவி பக்கத்தில் இருக்கிறது. "தொட்டால் மின்சாரம் பாயும்" என்பது உண்மைதான். ஆனாலும் தொடாதவரை அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை. நிபந்தனை உண்மை, பண்போ இல்லை.

பொருளின் உள்ளமைப்பு போதிய நேரம் மாறாமல் நீடிக்க வேண்டும் என்று டேவிட் லூயிஸ் 1997இல் திருத்தினார். கம்பிச் சிக்கல் தீர்ந்தது. மறு ஆண்டே அலெக்சாண்டர் பேர்ட் மாற்றுமருந்தைக் காட்டினார்: நஞ்சின் அமைப்பு அப்படியே இருக்கிறது, உண்டவர் பிழைத்துக்கொள்கிறார், நஞ்சு நஞ்சாகவே நிற்கிறது. இதுதான் வலுவான அடி என்பேன். "இயல்பான சூழலில்" என்று சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். பண்பு வெளிப்படும் சூழலே இயல்பானது என்றால், விளக்கம் வட்டமடிக்கிறது.